அனார்கான் வீட்டு ஆரஞ்சுச் சுவர்

அனார்கானின் கணவன் கென்ஜெ இறந்ததற்கு மறுநாள், அவன் உடல் கீழே முற்றத்தில் எங்கள் வழக்கப்படி எழுப்பிய கம்பளிக் கூடாரத்துக்குள் கிடந்தது. அடக்கம் ஆக இன்னும் அரை நாள் இருந்தது. அதற்குள் மேலே மூன்றாவது மாடியில் அவர்கள் வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் வந்துவிட்டான். அந்தச் சுவர் எப்படிப்பட்டது, அது யாருடையது என்பதை முதலில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அன்று காலை ஒரு விதவை செய்த காரியம் வெறும் துடுக்குத்தனமாகத் தெரியும்.

நான் அதே கட்டடத்தில் இரண்டாவது மாடியில் இருப்பவள். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றேன். ஓய்வு என்பது காகிதத்தில்தான். எங்கள் மலையூர் நாரினில் யாருக்கு மூச்சிரைத்தாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள்.

அனார்கான் டிராலிபஸ், அதாவது தலைக்குமேல் போகும் இரட்டைக் கம்பியில் மின்சாரம் வாங்கி ஓடும் பஸ், ஓட்டினாள். மலைக்கும் ஆற்றுக்கும் நடுவில் எங்கள் ஊர் ஒரே நீளமாகக் கிடக்கிறது. அந்த நீளத்தில் அவள் போவாள், திரும்பி வருவாள். ஓட்டுநர் இருக்கையைச் சுற்றிக் குஞ்சம் கட்டினாள். ஸ்டீயரிங்குக்குச் சிவப்புக் கம்பளியில் உறை தைத்தாள். கண்ணாடிக்கு மேலே வரிசையாகத் துணிக் கழுதைகளைத் தொங்கவிட்டாள். பணிமனையில் எடுக்கச் சொன்னார்கள். எடுத்தாள். மறு வாரம் துணி ஒட்டகங்களைத் தொங்கவிட்டாள். அவளுக்கு அதில் வீம்பு எதுவும் கிடையாது. வெறுமையாக இருக்கும் இடம் அவள் கண்ணை உறுத்தும், அவ்வளவுதான்.

வீட்டில் தடுக்க ஆளில்லை. நடையை ஊதா ஆக்கினாள். கழிவறைக் கதவுக்குத் தங்க நிறம். குளிர்பதனப் பெட்டிக்குக் கிளிப்பச்சைக் கம்பளியில் ஒரு கோட்டு தைத்துப் போட்டாள். அதற்குக் காலர் உண்டு, பித்தளைப் பொத்தான்கள் உண்டு. வாசல் கதவிலிருந்து கூரையில் இரண்டு கறுப்புக் கோடுகள் வரைந்தாள், டிராலிபஸ் கம்பி போலவே. அது நடை வழியாகப் போய்ச் சமையலறைக்கு ஒன்றும் படுக்கையறைக்கு ஒன்றுமாகப் பிரியும்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் படியேறும்போது கேட்பார்கள்: "அனார்கான், சமையல்கட்டுக்குப் போகணும்னா எங்க மாறணும்?"

"மொதல்ல டிக்கெட்ட காட்டு."

கென்ஜெ ஊர் வீடுகளுக்குக் குழாய் வழியே சூடு அனுப்பும் கொதிகலன் நிலையத்தில் வேலை செய்தான். அதிகம் பேசமாட்டான். வீட்டில் அவன் கேட்டது ஒன்றே ஒன்று. படுக்கையை ஒட்டிய சுவரைக் காட்டி, "இத மட்டும் எனக்கு விட்டுடு" என்றான். அனார்கான் விட்டாள். வருடக்கணக்காக அந்த ஒரு சுவர் ஒட்டிய பழைய மஞ்சள் காகிதத்தோடு சும்மா இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குக் கை அரிக்கும். ஆனாலும் தொடவில்லை.

பிறகு கென்ஜெவுக்கு மூளையில் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது. வலப்பக்கம் முழுக்கப் போனது. பேச்சும் போனது. மிஞ்சியது ஒரே ஒரு சொல்: "இல்ல."

இப்படி நடப்பதுண்டு. நான் பலரிடம் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கு வசவு ஒன்று மட்டும் மிஞ்சும், இன்னொருவருக்குத் தன் மாட்டின் பெயர் மிஞ்சும். அவர்கள் நினைப்பது ஒன்றாக இருக்கும், வாயில் வருவது அந்தச் சொல்லாக இருக்கும். கென்ஜெவிடம் பசிக்கிறதா என்றால் இல்ல. பசிக்கவில்லையா என்றால் அதுவும் இல்ல. ஆனால் அனார்கான் சீக்கிரமே ஒன்றைக் கண்டுபிடித்தாள். கேட்டது அவன் மனதுக்கு ஒத்துப்போனால் பேசாமல் இருப்பான். பேசாமலிருந்தால் ஆமாம். அதை வைத்தே குடும்பம் நடத்தினாள்.

நான் வாரம் இரண்டு முறை போய் அவனைப் புரட்டிப் போட்டு முதுகு பார்ப்பேன். அப்படி ஒரு நாள் போனபோது அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பெயின்ட் டப்பா மூடிகளை ஒவ்வொன்றாக அவன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"யோவ், இது?"

"இல்ல."

"இந்த நீலம்? வானம் மாதிரி."

"இல்ல."

ஆரஞ்சு மூடியைப் பிடித்ததும் அவன் பேசவில்லை. அவள் மூடியை இறக்கிவிட்டு மறுபடி தூக்கினாள். அப்போதும் பேசவில்லை. வாயின் இடது ஓரம் அசைந்தது.

"இதா? பூசணிக்கா அழுகினா இந்த நெறம்தான்யா."

மௌனம்.

படியில் என்னோடு இறங்கி வந்தபோது புலம்பினாள். "கடை நெறய கலர் இருக்கு ராப்பியாக்கா. இந்த மனுஷனுக்கு இதா கெடச்சுது? எனக்கு ஆரஞ்சப் பாத்தாலே கொமட்டும்."

ஆனாலும் அடித்தாள். பிறகு அதன்மேல் அவன் கேட்டதையெல்லாம் ஒட்டினாள். கேட்டது என்றால், எதற்கெல்லாம் அவன் பேசாமல் இருந்தானோ அதையெல்லாம். ஜன்னல் பக்கம் உடைந்த சாசர்கள். நடுவில் எனாமல் மூடிகள். கால்மாட்டில் பணிமனையில் கழித்துப் போட்ட டிராலிபஸ்ஸின் சிவப்பு விளக்குக் கண்ணாடிகள். மாலை வெயில் விழுந்தால் அவை எரிவது போலிருக்கும். கூரையில் வரைந்த கம்பிக் கோட்டை நீட்டிக் கொண்டுவந்து அவன் தலைக்கு நேர்மேலே நிறுத்தினாள். அவன் மல்லாந்து கிடந்து அதைப் பார்ப்பான், பக்கவாட்டில் திருப்பிப் போட்டால் சுவரைப் பார்ப்பான். முதுகில் ஒரு புண்கூட வராமல் கடைசி வரை அவனை வைத்திருந்தாள். இதைச் சான்றிதழாகவே நான் எழுதித் தருவேன்.

கென்ஜெவின் அண்ணன் ஓமுராலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். அப்பா இல்லாத வீட்டில் தம்பியைத் தூக்கி வளர்த்தவர். கெட்ட மனிதரில்லை. அனார்கான் அவர் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. கணவனின் அண்ணன் பெயரை எங்களில் எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள். அவளுக்கு அவர் "பெரியவர்". பணிமனையில் ஒரு மெக்கானிக்குக்கும் ஓமுராலி என்று பெயர். அவனை வேலையில் இருந்தவரை "ஏய் ஸ்பேனர்" என்றே கூப்பிட்டாள்.

கென்ஜெ இறப்பதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில் ஓமுராலி தம்பியைப் பார்க்க வந்தார். நான் அப்போது கட்டிலருகே இருந்தேன். தொப்பியைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"கென்ஜெ, இந்தக் கூத்தெல்லாம் உனக்குப் புடிச்சிருக்கா?"

"இல்ல."

அடுத்த கேள்வியை அவர் கேட்கவில்லை. எடுத்துவிடட்டுமா என்று கேட்டிருந்தால் அதற்கும் அதே பதில்தான் வந்திருக்கும்.

"அண்ணே, அவருக்கு அந்த ஒரு சொல்லுதான் வருது" என்றேன்.

"என்னப் பாத்து சொன்னான் நர்ஸம்மா. கண்ணு கலங்கிச்சு."

"வலப்பக்கத்துக் கண்ணு சரியா மூடறதில்ல. எப்பவும் தண்ணி வடியும்."

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. நான் வெந்நீர் எடுக்கச் சமையலறைக்குப் போய் வந்தபோது அவர் தம்பியின் முகத்தருகே குனிந்து மெல்லிய குரலில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். "இல்ல" என்று கென்ஜெவின் குரல் கேட்டது. ஓமுராலி எழுந்தார். அனார்கான் ஊற்றிவைத்த தேநீரைத் தொடாமல் போனார். எங்கள் பக்கத்தில் தேநீர் குடிக்காமல் வீட்டைவிட்டுப் போவது சின்ன விஷயமில்லை.

பனி கெட்டிப்பட்டுக் கிடந்த பிப்ரவரியில் கென்ஜெ போய்ச் சேர்ந்தான். இரவோடு இரவாக ஓமுராலி வந்து எல்லாவற்றையும் முறையாகச் செய்தார். குழந்தைகள் சறுக்குமரத்துக்குப் பக்கத்தில் கூடாரம் எழும்பியது. வருகிறவர்களுக்குச் சமைக்கக் குதிரை வெட்டினார்கள். எங்கள் படிக்கட்டில் இருக்கும் வீடுகளெல்லாம் சமையலுக்கும் தேநீருக்கும் திறந்தன. மகள் ஜிபார் தன்னைக் கட்டிக்கொடுத்த ஊரான தாலாஸிலிருந்து வந்துவிட்டாள். அவளுடைய மாமியார் வீட்டார் மறுநாள் மத்தியானம் வருவதாக இருந்தது. சம்பந்திகளை வேறு வீட்டில் உட்கார வைக்க முடியாது. செத்தவன் வீட்டில்தான் உட்கார வைக்க வேண்டும். அவர்கள் அந்த வீட்டை அதுவரை பார்த்ததில்லை.

காலையில் நான் மேலே போனபோது ஓமுராலியின் மனைவி சோனுன், அதாவது அனார்கானின் ஓரகத்தி, ஏணிமேல் நின்றிருந்தாள். சுவருக்கு வெள்ளை விரிப்பு கட்டிப் பார்த்திருக்கிறாள். சாசரும் மூடியும் துருத்திக்கொண்டு விரிப்பு கழலை வந்த கழுத்துபோல் தெரிந்தது. அதனால் வேறு ஏற்பாடு. ஓமுராலியின் அக்கா மகன் மெலிஸ், கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவன், இரண்டு வாளி வெள்ளையும் உருளையுமாக நின்றான். கையில் உளி.

"பெரியம்மா, தள்ளி நில்லுங்க. சில்லு தெறிக்கும்" என்றான் என்னிடம். ஒரு சாசரின் விளிம்பில் உளியை வைத்து இரண்டு தட்டுத் தட்டினான். பிறகு உளியைக் கீழே போட்டுவிட்டுச் சோனுனிடம் சொன்னான்: "டைல்ஸ் ஒட்டற பசைல ஒட்டியிருக்கு அத்தை. சொவரு வரும், இது வராது. வரலன்னா அப்படியே மேல உருட்டிடச் சொல்லிட்டாரு பெரிய மாமா."

"எதுக்கு இந்த வேல இப்ப?" என்று சோனுனைக் கேட்டேன்.

"குடும்ப மானம் ராப்பியா. தாலாஸ்காரங்க வந்து பாத்தா என்ன சொல்வாங்க? எழவு வீட்டுல ஆரஞ்சா?"

"அது செத்தவரோட சொவரு."

"செத்தவரே புடிக்கலன்னு சொல்லியிருக்காரு. எங்க வீட்டுக்காரர்கிட்ட வாயத் தொறந்து சொல்லியிருக்காரு. இவதான் சாவப் போறவன் கண்ணு முன்னால சந்தக் கடை போட்டு வச்சிருந்தா."

"அந்த மனுஷன் தண்ணி வேணுமான்னாலும் இல்லன்னுவாரு, வேணாமான்னாலும் இல்லன்னுவாரு."

"அத எங்க வீட்டுக்காரர்கிட்ட போய்ச் சொல்லு. எனக்கு ரொட்டி அடுக்கணும்."

மெலிஸ் உருளையை வாளியில் தோய்த்தான். ஜன்னல் பக்கமிருந்து ஆரம்பித்தான். நான் இறங்கினேன்.

கூடார வாசலில் ஓமுராலி கைத்தடியை ஊன்றிக் குனிந்து நின்றிருந்தார். அவருக்குப் பக்கத்தில் குடும்பத்து ஆண்கள் வரிசையாக நின்றார்கள். உடல் கிளம்பும்வரை அந்த இடத்தைவிட்டு அவர்கள் நகரக்கூடாது. ஊர் ஊராகக் கூட்டம் வரும். தூரத்திலிருந்தே "ஐயோ என் தம்பி" என்று கதறிக்கொண்டு ஆண்கள் ஓடி வருவார்கள், இவர்களும் பதிலுக்குக் கதற வேண்டும். ஒரு கூட்டம் முடிந்து அடுத்த கூட்டம் வளைவில் தெரிவதற்குள் நான் அவர் காதருகே போனேன்.

"அண்ணே, மெலிஸ நிறுத்தச் சொல்லுங்க. அது அவர் கேட்டு செஞ்ச சொவரு."

"அடக்கம் ஆகட்டும் நர்ஸம்மா. அப்பறம் பேசலாம்."

"அதுக்குள்ள சொவர் போயிடும்."

"போகட்டும்." அவர் முகத்தைத் திருப்பவில்லை. "உசிரோட இருந்தப்ப அவனுக்கு நான் ஒண்ணும் செய்யல. கடைசியா அவன் என்கிட்ட சொன்னது அது ஒண்ணுதான். அதையாவது செஞ்சிட்டுப் போறேன்."

வளைவில் அடுத்த கூட்டம் கதறிக்கொண்டு வந்தது. அவர் தடிமேல் சாய்ந்து கதற ஆரம்பித்தார். நடிப்பில்லை. நெஞ்சு நிஜமாகவே குலுங்கியது. அதுதான் சிக்கலே. பொய்யாகச் செய்பவனை மடக்கிவிடலாம். அன்பாகத் தப்புச் செய்பவனை என்ன செய்வது?

கூடாரத்துக்குள் போனேன். இடதுபக்கம் திரைக்குப் பின்னால் கென்ஜெ. அனார்கான் கறுப்பு உடையில் வாசலுக்கு முதுகு காட்டி கூடாரத்தின் மரச்சட்டத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஜிபார், பிறகு உறவுக்காரப் பெண்கள். ஒப்பாரி நின்று ஒரு வாய் தண்ணீர் குடிக்கும் நேரம். நாடி பிடிக்கிற சாக்கில் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று பிறகு சிலர் என்னைக் கேட்டார்கள். எல்லாம் முடிந்தபிறகு மேலே போய்த் தானாகப் பார்த்திருந்தால் அவள் ரத்த அழுத்தம் எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"எந்தப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சிருக்கான்?"

"ஜன்னல் பக்கம்."

"அப்ப சாசர் போயிருக்கும்." ஒரு காலை ஊன்றினாள். "நான் போறேன்."

ஜிபார் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, உக்காரு. அப்பா கெடக்கறப்ப எழுந்து போனேன்னு ஏழு ஊரு பேசும்."

"சொவரு போகுதுடி."

"போகட்டும்மா. வெள்ள அடிச்சா அடிக்கட்டும். சின்னப் புள்ளலேர்ந்து ஒரு வெள்ளச் சொவரு இருக்கற வீட்டுக்கு ஏங்கியிருக்கேன். ஒரு சிநேகிதியக் கூட்டிட்டு வந்திருப்பேனா நம்ம வீட்டுக்கு? எங்க மாமியார் முன்னாடியாவது..."

"அது என் சொவரு இல்ல. உங்க அப்பாவோடது."

ஜிபாருக்கு இது தெரியாது. அவள் தாலாஸில் இருந்தாள். தொலைபேசியில் சுவரைப் பற்றி யார் பேசுவார்கள்? "என்னம்மா சொல்ற?" என்றாள். பதில் சொல்ல நேரமில்லை. வெளியே புதுக் கூட்டத்தின் கதறல் நெருங்கிவிட்டது. பெண்கள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஒப்பாரிக்குத் தயாரானார்கள். அனார்கான் ஊன்றிய காலை மடித்துக்கொண்டாள். அவளால் எழ முடியாது. யாரையும் கூப்பிட்டுப் பேச முடியாது. அந்த இடத்தில் அவளுக்கு அனுமதிக்கப்பட்ட பேச்சு ஒன்றுதான், அதை யாரும் குறுக்கே வெட்ட முடியாது. நாடி என் விரலுக்கடியில் தடதடவென்று ஓடியது. மாத்திரையை எடுத்து நாக்குக்கு அடியில் வைக்கச் சொன்னேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டு வாயைத் திறந்தாள்.

முதல் அடிகள் வழக்கமானவை.

"ஊருக்கெல்லாம் சூடு தந்த எஞ்சாமி,
நீ மட்டும் குளுந்து கெடக்கியே..."

பக்கத்துப் பெண்கள் சேர்ந்து இழுத்தார்கள். அடுத்த அடிக்கு அவள் குரலை உயர்த்தினாள். டிராலிபஸ் நிறையக் கூட்டம் இருக்கும்போது கடைசி இருக்கை வரை கேட்கும்படி நிறுத்தத்தின் பெயரைச் சொல்லும் குரல் அது.

"பேச்செல்லாம் போன பின்னே ஒரு பேச்சு வச்சிருந்தே,
பசிக்குதான்னு கேட்டாக்கா இல்லையின்னு சொன்னியே,
பசிக்கலையான்னு கேட்டாலும் இல்லையின்னு சொன்னியே.
பேசாம நீ இருந்தா ஆமான்னு நான் படிச்சேன்,
பேசாமத்தான் நீ இருந்து ஒரு சொவரப் புடிச்சியே.
எனக்குப் புடிக்காத நெறம் உனக்குப் புடிச்சதுன்னு
கொமட்டக் கொமட்டப் பூசுனேனே எஞ்சாமி..."

ஒரு பெண் இழுப்பதை நிறுத்திவிட்டு அடுத்தவளைப் பார்த்தாள். வெளியே கதறல் தொடர்ந்துகொண்டிருந்தது.

"மூணாம் மாடிச் சன்னலிலே வெள்ள வாளி வந்திருக்கு,
மண்ணுக்கு நீ போகுமுன்னே உன் சொவரு போகுதே.
இல்லையின்னு சொன்னத நம்பி இத்தனையும் செய்யறாரு..."

அங்கே நிறுத்தினாள். மூச்சை இழுத்தாள். நான் அவள் பெரியவர் என்று சொல்லப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"ஓமுராலி, ஓமுராலி, தம்பியத் தூக்கி வளத்தவரே,
நாந்தானே உன் அண்ணன்னு அவரக் கேட்டிருந்தாலும்
இல்லையின்னு சொல்லியிருப்பார், இல்லையின்னு சொல்லியிருப்பார்.
அதையும்தான் நீங்க நம்பியிருப்பீங்களா?"

ஜிபார் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு கிழவி தன் தலைத்துணியை முகத்தின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள், கேட்டது தன் குற்றம் என்பதுபோல. வெளியே கதறல் ஒவ்வொரு குரலாகக் குறைந்து நின்றது. கொப்பரையில் கறி கொதிக்கும் ஓசை கேட்டது.

வாசல் திரையின் இடுக்கில் நான் பார்த்தேன். ஓமுராலி தடிமேல் குனிந்தபடியே இருந்தார். அவர் கழுத்து மட்டும் சிவந்திருந்தது. வரிசையில் நின்ற ஆண்கள் யாரும் அவரைப் பார்க்கவில்லை, எல்லோரும் பனியைப் பார்த்தார்கள். இந்த அவமானத்துக்கு அவர் என்ன செய்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள். அவளைத் தன் குடும்பத்திலிருந்து தள்ளி வைத்தாலும் கேட்கமாட்டார்கள். அனார்கான் மரச்சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனி அவள் கையில் எதுவும் இல்லை.

ஓமுராலி நிமிர்ந்தார். தடியைப் பக்கத்தில் நின்றவர் கையில் கொடுத்தார். நிற்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, வந்திருந்த கூட்டத்தின் நடுவே நடந்து, எங்கள் கட்டடத்தின் படிக்கட்டுக்குள் நுழைந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். என் முழங்காலுக்கு அது ஆகாது. ஆனாலும் ஓடினேன்.

சுவரின் ஜன்னல் பக்கத்துப் பாதி வெள்ளையாகியிருந்தது. சாசர்கள் வெள்ளைக் கொப்புளங்களாகத் தெரிந்தன. மெலிஸ் எனாமல் மூடிகளை நெருங்கிக்கொண்டிருந்தான்.

"எறக்கு" என்றார் ஓமுராலி.

"இன்னும் கொஞ்சந்தான் மாமா. ஒரு கை போட்டா..."

"எறக்குடா."

சோனுன் ரொட்டித் தட்டோடு வந்தாள். "என்னங்க? தாலாஸ்காரங்க இப்ப வந்துடுவாங்களே."

"வரட்டும். பாக்கட்டும்."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். மெத்தையைச் சுருட்டி எடுத்திருந்தார்கள், வெறும் பலகைதான். பிறகு, எங்கள் மூன்று பேர் முன்னாலும், தொப்பியோடு அந்தப் பலகையில் சாய்ந்து தம்பி பார்த்த இடத்திலிருந்து சுவரைப் பார்த்தார். மிச்சமிருந்த ஆரஞ்சைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார்.

"இந்தக் கம்பி எங்க போகுது?"

"இங்கயே நிக்குது" என்றேன். "இதான் கடைசி ஸ்டாப்."

"நர்ஸம்மா, அவன் எல்லாத்துக்கும் அதத்தான் சொன்னானா?"

"ஆமாண்ணே. நான் அன்னிக்கே சொன்னேன்."

"சொன்னீங்க." எழுந்து உட்கார்ந்தார். "அன்னிக்கு நீங்க தண்ணி எடுக்கப் போனப்ப அவன்கிட்ட ஒண்ணு கேட்டேன். அதுக்கும் இல்லன்னான். அந்த இல்லையத் தூக்கிகிட்டுத்தான் இத்தன மாசமா அலைஞ்சேன்."

என்ன கேட்டார் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. "அத அவரோட பதிலா எடுத்துக்காதீங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் எழுந்தார். முகத்தைக் கையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு கீழே போனார். சற்று நேரத்தில் ஜன்னல் வழியாக அவர் கதறல் கேட்டது. காலையில் கேட்டதைவிடச் சத்தமாக இருந்தது.

மெலிஸ் தொழில் தெரிந்தவன். தவறு நடந்தால் அடுத்து என்ன என்று பார்ப்பவன். "ஈரமா இருக்கு. சாசர் மேல இருக்கறத ஈரத்துணியால தொடச்சா வந்துடும். சொவத்துல இருக்கறது வராது" என்றான். சோனுன் முணுமுணுத்தபடியே கையை மடித்துவிட்டுக்கொண்டு முதல் சாசரைத் துடைத்தாள். நான் இரண்டாவதை. சம்பந்திகள் படியேறும் சத்தம் கேட்டபோது சுவர் பாதி வெள்ளை, பாதி ஆரஞ்சு. முழுக்கச் சாசரும் மூடியும் சிவப்புக் கண்ணாடியும்.

தாலாஸ் சம்பந்தியம்மாள் தேநீர்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுவரை ரொம்ப நேரம் பார்த்தாள். "இது எந்த ஊர் வழக்கம்?" என்றாள்.

சோனுன் அவளுக்கு ரொட்டியைத் தள்ளினாள். "எங்க கொழுந்தனார் வழக்கம்" என்றாள்.

ஆண்கள் கென்ஜெவைக் கொண்டுபோனார்கள். அதன் பிறகுதான் அனார்கான் மேலே வந்தாள். சுவர் முன்னால் நின்றாள். வெள்ளைப் பாதியை விரலால் தொட்டு, ஒட்டியதைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "சாசர் தப்பிச்சுது" என்றாள். மாத்திரையை இப்போது போட்டுக்கொண்டாள்.

மாலையில் ஓமுராலி வந்து உட்கார்ந்தார். அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு இரண்டு கையாலும் தேநீரை நீட்டினாள். வீடு முழுக்க உறவுக்காரர்கள். எல்லோர் கண்ணும் அந்தக் கிண்ணத்தின் மேல். அவர் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்.

"என் பேரு உனக்குத் தெரியும்னே எனக்குத் தெரியாது."

"வாய் தவறிடுச்சு."

"நல்லா சத்தமாவே தவறிச்சு" என்று சொல்லிவிட்டு அவர் குடித்தார். குடித்து முடித்துக் கிண்ணத்தை மறுபடி நீட்டினார்.

துக்க வருடத்தில் அவள் எதையும் தொடவில்லை. கறுப்பு உடையோடு பாதி வெள்ளைச் சுவருக்குப் பக்கத்தில் தூங்கினாள். ஆண்டுக் காரியம் முடிந்து கறுப்பைக் களைந்து வெள்ளைத் தலைத்துணி கட்டிய வாரம் ஓமுராலியை வரச் சொன்னாள். மெலிஸும் வந்தான். நானும் இருந்தேன்.

"கெடுத்தது நீங்க. அந்தப் பாதிக்கு நெறம் நீங்கதான் சொல்லணும், பெரியவரே."

ஓமுராலி தொண்டையைச் செருமினார். பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டுப் பழகியவர், பதில் சொல்லிப் பழக்கமில்லை. "சாம்பல்?" என்றார்.

"இல்ல" என்றாள் அனார்கான்.

"அப்ப பழுப்பு."

"இல்ல."

"வெளிர் நீலம். அமைதியா இருக்கும்."

"இல்ல."

அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். நடையின் ஊதாவைப் பார்த்தார். திறந்திருந்த கதவு வழியாகச் சமையலறையில் குளிர்பதனப் பெட்டி கோட்டு போட்டுக்கொண்டு நின்றது. தயங்கித் தயங்கி அதைக் கையால் காட்டினார். "அந்தக் கிளிப்பச்சை?"

அனார்கான் பேசவில்லை.

அவர் காத்திருந்தார். பிறகு மெதுவாகத் தலையாட்டிக்கொண்டு, "வாளியத் தொற மெலிஸ்" என்றார்.

கிளிப்பச்சை ஆரஞ்சுக்குப் பக்கத்தில் கண்ணைக் குத்துகிறது. அவளுக்கு ரத்த அழுத்தம் பார்க்க நான் அந்த அறைக்குள் போவதில்லை. சமையலறைக்கு வரச் சொல்லிவிடுகிறேன்.